முன்னால் போகிறவர்

ஜனவரி 19

அன்புள்ள எக்ஸ்ரேக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், தங்கை வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடுகிறார்களே. இங்கே நானே காபி போட்டு நானே குடிக்கிறேன். அதைக் காபி என்று சொன்னால் காபிக்குக் கோபம் வரும்.

போனை எடுக்க மாட்டேன், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பச் சொல் என்று நம் மகளிடம் சொல்லியிருக்கிறாய். இதென்ன புதுப் பழக்கம்? லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கை இது. என்ன பழுது, எதை மாற்றினோம், கீழே ஒரு கையெழுத்து. இதற்கு மேல் நான் எதையும் எழுதியதில்லை. நீயாவது ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எலும்பைப் படம் பிடித்து, அதன்மேல் பேரும் வயசும் எழுதுகிறவள். சரி, எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். ஆனால் திட்ட வேண்டியதை எழுத்தில் திட்டினால் ஒரு திருப்தியே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு இறங்குகிற மலைப்பாதையில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம். கயிறு கட்டியிருக்கிற திருப்பத்தில் நீ, "சரி, நான் வரேன்" என்றாய். என் இரண்டு காதாலும் கேட்டேன். வருகிறாள் என்று நம்பி நான் இறங்கினேன். கீழே நிழலான பாறையாகப் பார்த்து, துண்டை விரித்து, சாப்பாட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், உட்கார்ந்துகொண்டே இருந்தேன். காக்கை வந்து சாப்பாட்டைக் கொத்தியது. நீ வரவில்லை. எங்கேயாவது விழுந்துவிட்டாயோ என்று துண்டைக்கூட மடிக்காமல் எழுந்தேன். திரும்ப ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கத்தி, புதரையெல்லாம் விலக்கிப் பார்த்து, நாக்குத் தள்ள மேலே வந்து சேர்ந்தால், கூல்டிரிங்க்ஸ் விற்கிறவர் சாவகாசமாக, "அந்தம்மா அப்பவே பஸ் ஏறிட்டாங்களே சார்" என்கிறார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒரு பெண்டாட்டி நடுமலையில் புருஷனை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறுவாளா?

எதற்காக உன்னை அங்கே கூட்டிப்போனேன்? நான் ஓய்வு பெறப்போகிறேன். பாதை தொடங்கும் இடத்தில் மலை விளிம்பில் இருக்கிற அந்தச் சின்ன வீட்டை எடுத்துக்கொண்டு, மீதிக் காலத்தைக் கடலைப் பார்த்தபடி கழிக்கலாம் என்று எத்தனை தடவை சொன்னேன். ஒரே ஒரு முறை அந்தக் கடற்கரையை நீ பார்த்துவிட்டால் மறுபேச்சுப் பேசமாட்டாய் என்றுதான் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கிற மணல், கண்ணாடி போலத் தண்ணீர். காலை வைத்தால் விரல்களை எண்ணலாம். நீ பார்க்கவில்லை. நஷ்டம் உனக்குத்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் பதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோபத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து சேர். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் எங்கே வைத்தாய் என்று தெரியவில்லை.

உன்,
ஏமாந்த லிஃப்டுக்காரன்

&nbsp;

ஜனவரி 25

என்னங்க,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து பரவாயில்லை, வாசிக்க முடிகிறது. வாஷர், அலமாரியில் நீங்கள் இதுவரை திறந்தே பார்க்காத இழுப்பறையில் இருக்கிறது. காபித்தூளைக் கொதிக்கவைக்காதீர்கள், கசக்கும்.

போனில் ஏன் பேசமாட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். காகிதத்தில் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கேட்டது சரிதான். "நான் வரேன்" என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், புறப்படும்போது என்ன சொல்கிறோம்? "அப்ப நான் வரேன்" என்றுதானே சொல்கிறோம். நீங்களும் தினமும் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் அதைத்தான் சொல்கிறீர்கள். அதைக் கேட்டு நான் அடுக்களையில் இருந்து உங்களோடு லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பியா வந்துவிட்டேன்? நான் விடைபெற்றுக்கொண்டேன். அவ்வளவுதான்.

நீங்கள் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிட்டீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். அந்தப் பாதையில் ஒரு படி முழங்கால் உயரம், அடுத்த படி வெறும் சரளைக்கல். கால் வைத்தால் கல் உருண்டு முன்னால் ஓடும், அதன் பின்னால் நாம் ஓட வேண்டும். கைப்பிடிக்கு என்று கட்டிய கயிறு உப்புக் காற்றில் நைந்து, பிடித்தால் உள்ளங்கையில் நார் நாராகக் குத்துகிறது. நீங்கள் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி போய்க்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்றீர்கள். எதுவும் வரவில்லை, இன்னொரு திருப்பம்தான் வந்தது. கடலைப் பார்க்கத்தான் கூட்டிப்போனீர்கள், நான் பார்த்ததெல்லாம் உங்கள் முதுகு. அதுவும் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போனது.

என் வலது முழங்காலைப் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவரை விட்டு என் காலையே படம் எடுத்துக்கொண்டு வந்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி எப்படிக் குறைந்திருக்கிறது பாருங்கள் என்றேன். "ஆமா, படம் நல்லா க்ளியரா விழுந்திருக்கு" என்றீர்கள்.

அந்தக் கயிற்றுத் திருப்பத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அங்கே போகலாம் என்று ஒற்றைக் காலில் நின்றது நீங்கள். கடைசியில் நிஜமாகவே ஒற்றைக் காலில் நின்றது நான். உங்களைக் கூப்பிட்டேன். திரும்பாமலே, "மெதுவா வா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். அப்போதுதான் சொன்னேன்.

உட்கார்ந்து உட்கார்ந்து மேலே ஏறி வந்தேன். கூல்டிரிங்க்ஸ் விற்கிறவர் ஐஸ்கட்டி கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை.

குளியலறை பல்பை மாற்றுங்கள்.

உங்கள்,
மனைவி

&nbsp;

பிப்ரவரி 1

அன்புள்ள எக்ஸ்ரேக்கு,

வாஷர் கிடைத்தது. குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. இப்போது ஷவர் சொட்டுகிறது.

உன் கடிதத்தை வாசித்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வரேன்" என்றால் வருகிறேன். வாசலில் நின்று சொன்னால் ஒரு அர்த்தம், மலையில் நின்று சொன்னால் ஒரு அர்த்தமா? நான் என்ன அகராதியா வைத்துக்கொண்டு இறங்க முடியும்? கூட நடக்கிறவள் "வரேன்" என்றால் பின்னால் வருகிறாள் என்றுதான் உலகத்தில் எவனும் எடுத்துக்கொள்வான்.

நான் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று நாலு பேரைக் கேட்டேன். பேர் சொல்லவில்லை, "ஒருத்தர் வீட்டில் நடந்தது" என்று பொதுவாகச் சொன்னேன். வேலை இடத்தில் எல்லோரும் கேபிள் மாற்றுவதை நிறுத்திவிட்டு இதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாதிப் பேர் என் பக்கம். மீதிப் பேர், "அந்தம்மா பாவம்" என்றார்கள். அதில் ஒருவன், "உங்க வீட்டம்மா எப்ப சார் திரும்பி வராங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டான். அந்த லட்சணத்தில்தான் நான் ரகசியம் காத்திருக்கிறேன்.

எதிர்வீட்டு டீச்சர் நியாயமாகப் பேசுவார் என்று அவரிடமும் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரொம்ப சுலபம் சார். எந்தப் பக்கம் திரும்பி நின்னு சொன்னாங்க? உங்களப் பாத்துச் சொன்னா வராங்க. மேல பாத்துச் சொன்னா போறாங்க" என்றார்.

வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன். நான் பார்க்கவில்லை. சரளைக்கல் பாதையில் காலடியைப் பார்த்து நடக்காமல் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்தால் நான் நேராகக் கடலுக்குள்தான் போயிருப்பேன். அதையும் ஒரு குற்றமாக எழுதிவிடாதே.

முழங்கால் எப்படி இருக்கிறது? அன்றைக்கே "கால் பூட்டிக்கிச்சு, வாங்க" என்று உரக்கச் சொல்லியிருந்தால் நான் வந்து தூக்கியிருக்கமாட்டேனா? எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. உனக்கு எல்லாவற்றையும் மெல்லச் சொல்லித்தான் பழக்கம். நாங்கள் மோட்டார் சத்தத்தில் வேலை பார்க்கிறவர்கள்.

சரி, போனது போகட்டும். வீட்டு விஷயம் என்ன சொல்கிறாய்? சொந்தக்காரரிடம் "நாங்க வரோம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறேன். ஜன்னலுக்கெல்லாம் பச்சை அடிக்கலாமா நீலம் அடிக்கலாமா என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பார், உன்னைக் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லை.

உன்,
லிஃப்டுக்காரன்

&nbsp;

பிப்ரவரி 8

என்னங்க,

ஜன்னலுக்கு என்ன கலர் என்பதைக் கேட்கிறீர்கள். அந்த வீடு வேண்டுமா என்று எப்போது கேட்டீர்கள்? நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. "அங்க போனதும்" என்றுதான் உங்கள் பேச்சே ஆரம்பிக்கும்.

உரக்கச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். உங்களோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு விஷயம் தெரியும். உரக்கச் சொன்னால் "ஏன் கத்துற" என்பீர்கள், மெல்லச் சொன்னால் "காதுல விழல" என்பீர்கள். நடுவில் ஒரு சத்தம் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை.

இங்கே விஷயம் இதுதான். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண் பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். தங்கை சொல்லி, நான் அவள் இடத்தில் வேலை பார்க்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியிருக்கிறேன். இங்கேயே நிரந்தரமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். பழைய மெஷின்தான், ஆனால் அறை வசதியாக இருக்கிறது. காலையில் நடந்தே போகிறேன். சமதளமான தெரு. வழியில் ஒரு பூனை மதில்மேல் படுத்திருக்கும், நின்று பார்ப்பேன். மருந்துக்கடைக் கண்ணாடியில் கூந்தலைச் சரிசெய்துகொள்வேன். யாரும் என்னை விட்டுவிட்டுப் போவதில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு சின்ன விஷயம் இவ்வளவு பெரிய சந்தோஷமாக இருக்கிறதே என்று.

மகள் தினமும் போன் செய்து, "அப்பா பாவம்மா, இளைச்சுட்டார்" என்கிறாள். இளைத்தால் பிரஷருக்கு நல்லதுதான். ஆனால் எனக்கும் ராத்திரிச் சாப்பாடு இறங்குவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் ஏதோ கல்நெஞ்சக்காரி என்று நினைக்க வேண்டாம்.

மற்றதையெல்லாம் விடுங்கள். "வரேன்" என்பதற்கு அர்த்தம் தேடி ஊரைக் கூட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். எனக்கு அந்த வீடு வேண்டாம் என்று நான் சொன்னாலும், நீங்கள் அங்கே போவீர்களா?

யோசித்து எழுதுங்கள். அவசரமில்லை.

உங்கள்,
மனைவி

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள எக்ஸ்ரேக்கு,

உட்கார்ந்துகொண்டு வாசி. நின்றபடி வாசித்தால் சந்தோஷத்தில் விழுந்துவிடுவாய்.

உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்தேன். உனக்கு என்ன பிரச்சினை? முழங்கால். முழங்காலுக்கு என்ன பிரச்சினை? அந்தப் பாதை. அப்படியானால் பாதை வேண்டாம். நான் யார்? லிஃப்ட் போடுகிறவன். இது எனக்கு அன்றைக்கே தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை மறுபடி அங்கே போனேன். வீட்டின் பின்னால், மலை விளிம்பில் ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது, நீ கவனித்திருக்கமாட்டாய். அந்த வீடு ஒரு காலத்தில் மீன் கிடங்காம். கீழே இருந்து கூடைகளை மேலே இழுக்க வைத்திருந்தது. சட்டம் துருப்பிடித்திருக்கிறது, ஆனால் அஸ்திவாரம் அசையவில்லை, ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். கப்பியை மாற்றி, புது இரும்புக்கயிறு போட்டு, ஒரு சின்ன மோட்டாரும் இரட்டை பிரேக்கும் வைத்தால், ஒரு நாற்காலி ஆடாமல் அசையாமல் மலைச்சரிவையொட்டி நேராக மணலில் போய் இறங்கும். நீ ராணி மாதிரி உட்கார்ந்து போகலாம். எந்த ஊரில் எவன் பெண்டாட்டிக்குச் சொந்தமாக லிஃப்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான், சொல்?

பயப்படாதே. மாடி மாடியாக இந்த ஊர் ஜனங்களைத் தூக்கி இறக்கியவன் நான். ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. உன்னை மட்டும் விட்டுவிடுவேனா?

வேலை இடத்தில் சொன்னேன். அன்றைக்கு உன் பக்கம் பேசியவர்கள்கூட, "சார், இது சூப்பர்" என்றார்கள். எதிர்வீட்டு டீச்சர் மட்டும், "அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். அவருக்கு எதிலும் ஒரு குறை சொல்ல வேண்டும்.

இங்கே நம் ஊர் ஆஸ்பத்திரியில், லீவு முடிந்ததும் விலகிக்கொள்வதாகச் சொல்லிவிடு. அந்த ஊர் வேலையெல்லாம் எதற்கு, அதுவும் பழைய மெஷின் என்கிறாய்.

உன்,
லிஃப்டுக்காரன்

&nbsp;

பிப்ரவரி 26

என்னங்க,

உட்கார்ந்துதான் வாசித்தேன். விழவில்லை.

முதலில் சிரித்தேன். தங்கை என்ன என்று கேட்டாள், காட்டினேன். அவள் சிரிக்கவில்லை, "அக்கா, மாமாவுக்கு உன்மேல எவ்வளவு பிரியம் பாரேன்" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல் வந்தது. உங்களைக் குறை சொன்னால் எனக்குத்தான் கெட்ட பெயர். அப்படி ஒரு காரியத்தைச் செய்கிறீர்கள்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். நீங்கள் நான் கேட்காத கேள்விக்கு மோட்டாரும் பிரேக்கும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறீர்கள். என் கேள்வியை இரண்டு தடவை அடிக்கோடு போட்டு எழுதியிருக்க வேண்டும்போல.

இன்னொன்று. நாற்காலி ஒருவருக்குத்தானே? நான் கீழே போகும்போது யார் மோட்டாரை ஓட்டுவது? நீங்கள். மேலே நின்றுகொண்டு. அப்படியென்றால் நான் கீழே இருக்கும்போது நீங்கள் மேலே இருப்பீர்கள், நீங்கள் கீழே வந்தால் நான் மேலே இருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்த மணலில் நிற்கவே முடியாதபடி இவ்வளவு யோசித்து ஒரு யந்திரம் செய்ய உங்களால்தான் முடியும்.

கேள்வி அப்படியே இருக்கிறது. இங்கே அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நானும் உங்கள் பதிலுக்காகத்தான் அவர்களைக் காக்கவைத்திருக்கிறேன்.

உங்கள்,
மனைவி

&nbsp;

மார்ச் 14

அன்புள்ள எக்ஸ்ரேக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. மூச்சுவிட நேரமில்லை. மீதியிருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். ஆமாம், இங்கே. உறையின் மேல் எழுதியிருக்கிற முகவரியைப் பார்த்தாயா?

கட்டில், அலமாரி, உன் தையல் மெஷின் எல்லாம் வந்துவிட்டன. தையல் மெஷினைக் கடல் தெரிகிற ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு நீலம் அடித்துவிட்டேன். நீ கலரைச் சொல்லவில்லை, பெயின்டர் நின்றுகொண்டிருந்தார்.

மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று கிண்டல் செய்திருந்தாயே, அதற்கும் வழி இருக்கிறது. கையில் வைத்துக்கொள்கிற ரிமோட் சுவிட்ச் போட்டுவிடலாம். முதலில் உன்னை இறக்கிவிட்டு, பிறகு நான் பாதை வழியாக ஓடி வந்துவிடுவேன். எனக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

நாற்காலி தயார். கடைசிச் சோதனை மட்டும் பாக்கி. இந்த வாரக் கடைசியில் உன் எடைக்கு மணல் மூட்டை கட்டிவைத்து ஏற்றி இறக்கிப் பார்க்கப்போகிறேன். உன் எடை என்ன என்று மகளைக் கேட்டேன், "அதெல்லாம் கேக்கக் கூடாதுப்பா" என்றாள். நானே ஒரு குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டேன்.

உன் கேள்வியை நான் மறக்கவில்லை. நான் வேண்டாம் என்று சொன்னாலும் போவீர்களா என்று கேட்டாய். நீ ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறாய்? அப்படிச் சொல்ல முடியாதபடி செய்வதற்குத்தானே கையெல்லாம் கொப்புளம் போட உழைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைக் கொஞ்சமாவது புரிந்துகொள். எனக்குப் பேசத் தெரியாது. செய்யத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வா. பஸ்ஸுக்கு வந்து நிற்கிறேன்.

உன்,
லிஃப்டுக்காரன்

&nbsp;

மார்ச் 24

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்ததாக மகள் சொன்னாள். உங்களைக் காக்கவைத்தது எனக்கு வருத்தம்தான். பழிக்குப் பழி என்று நினைக்காதீர்கள். நான் வந்தேன். சனிக்கிழமையே வந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, தங்கையிடம்கூட. இங்கே ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கொஞ்ச நாளாகவே கால் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை, ஏறும்போது நல்ல காலை முதலில் வை, படி உயரமாக இருந்தால் பக்கவாட்டில் இறங்கு என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் பழக்கினாள். உங்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை என் காலால் இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இறங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பஸ்ஸுக்கு வரும்போது சந்தோஷமாகச் சொல்லலாம், அந்த வீட்டைப் பற்றியும் நிதானமாகப் பேசலாம் என்று இருந்தேன். நிஜமாகவே அப்படித்தான் வந்தேன்.

கையில் ஒரு கம்போடு காலையில் இறங்க ஆரம்பித்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு போனவர்கள் எல்லாம் போனார்கள். கயிறு கட்டிய திருப்பத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அதற்குக் கீழே பாதை அவ்வளவு மோசமில்லை. சில இடத்தில் எழுந்து நிற்காமல் குழந்தை மாதிரி உட்கார்ந்தே நகர்ந்தேன், சேலையெல்லாம் மண். கீழே போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றேன். நீங்கள் சொன்னது ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவ்வளவு அழகு. உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தோன்றி, நிமிர்ந்து பார்த்தேன்.

மேலே நீங்கள் மோட்டாரை இயக்கினீர்கள். நாற்காலி இறங்கி வந்தது. என் இடத்தில் மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே என் மெத்தையைப் போட்டிருந்தீர்கள், நான் தைக்கும்போது போட்டு உட்காருவேனே, அது. அழுக்காகாமல் இருக்க பாலித்தீன் உறை வேறு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷன்மேல் எப்படி நான் கோபப்படுவேன் என்று இருந்தது. நாற்காலி என் பக்கத்தில் வந்து நின்றது. கையை உயர்த்தி ஆட்டினேன். நீங்கள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு பிரேக்கைப் பார்த்தீர்கள். நாற்காலி மேலே போனது. மறுபடி வந்தது. மறுபடி கையை ஆட்டினேன், கூப்பிட்டும் பார்த்தேன், இந்தத் தடவை உரக்கவே. மோட்டார் சத்தம்.

மூன்றாவது முறை வரும்போது மூட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இடுப்பு வாரை மாட்ட மறந்திருந்தீர்கள். நான்தான் மூட்டையை நிமிர்த்தி வாரை மாட்டிவிட்டேன். மேலே போனதும் பார்த்திருப்பீர்கள். யார் மாட்டினார்கள் என்று எட்டிப் பார்ப்பீர்கள் என்று அண்ணாந்துகொண்டே நின்றேன். நீங்கள் வாரை அவிழ்த்தீர்கள், மூட்டையை இறக்கினீர்கள், மோட்டாரைத் துடைத்தீர்கள், திருப்தியாக உள்ளே போய்விட்டீர்கள். நீலக் கலர் ஜன்னல் கீழே இருந்து நன்றாகத் தெரிகிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் கடைசிவரை பதில் எழுதவில்லை. பரவாயில்லை, பதிலைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நான் வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நான் எப்படிக் குடியிருப்பேன்? மூட்டைதான் குடியிருக்கும். உங்களைப் பிடிக்காமல் இதை எழுதவில்லை. பிடிக்கும். அதனால்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே வேலைக்குச் சம்மதம் சொல்லி, திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். தையல் மெஷினை மட்டும், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும்.

நாற்காலி அருமையாக ஓடுகிறது. ஒரு குலுக்கல்கூட இல்லை. நான் வார் மாட்டுவதைப் பார்த்து, வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் பக்கத்தில் வந்தார்கள். மீன்கூடையைச் சுமந்துகொண்டு அந்தப் பாதையில் ஏறி ஏறி இடுப்பே போச்சு, இதில் வைத்து மேலே அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நல்ல மனிதர், கேட்டால் கட்டாயம் செய்து கொடுப்பார் என்று சொன்னேன். கேட்க வருவார்கள், இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அதில் ஒரு பெண் மேலே உங்களைக் காட்டி, "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"அந்த வீட்டுக்காரர்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்